டிசம்பர் 26, கடலூர்க் கரை: ஆண்டு அஞ்சலி நடக்கும் முறையும் தடுமாறும் இடங்களும்

2004 சுனாமியில் இறந்தவர்களின் நினைவாக, கடலூர் மாவட்டத்து மீனவ ஊர்கள் பலவற்றில் டிசம்பர் 26 அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. முதல் நாள் மாலையே படகுகளை மேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். தெருமுனையிலும் படகு முகப்பிலும் கருப்புக் கொடி பறக்கும். விடிந்ததும் வீட்டில் படையல். பிறகு பெண்கள் பால்குடம் ஏந்தி ஊர்வலமாகக் கரைக்கு வந்து, கடலில் பாலை ஊற்றி, பூத்தூவி, வாய்விட்டு அழுதுவிட்டுத் திரும்புகிறார்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், தாழங்குடா தொடங்கித் தெற்கே சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை வரை உள்ள கரைகளிலும் ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களோடு இதுதான் நடைமுறை.

பார்க்கிறவர்களுக்கு இது ஒரு மணி நேர நிகழ்ச்சி. நடத்துகிறவர்களுக்கு ஒரு மாத வேலை. அந்த வேலையின் ஒவ்வொரு படியையும், எது எங்கே ஏன் கெடுகிறது என்பதையும் எழுதிவைப்பது இந்த ஆய்வின் நோக்கம். எங்கள் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். நேரம், இடம், வரிசை, மைக் யார் கையில் என்பது வரை எல்லாவற்றையும் இறந்தவர் வீட்டாரை நடுவில் வைத்து முடிவு செய்த ஊர்களில் அஞ்சலி உறுதியாக நிற்கிறது. வேறு யாரையாவது நடுவில் வைத்தால், சிக்கல் அந்த இடத்திலேயே தொடங்குகிறது.

அன்றைய காலை

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28-க்கு, இங்கே சூரியன் எழும் வேளையில், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, எட்டரை மணியை ஒட்டி அலை இந்தக் கரையை அடித்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் காரைக்கால் கரைதான் பெரும் இழப்பைச் சுமந்தது.

இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே மிக அதிகம். இதற்குக் காரணம் ஊரின் அன்றாட நடைமுறையிலேயே இருந்தது. விடியலுக்கு முன் கடலுக்குப் போன ஆண்கள் ஆழத்தில் இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி உயர்ந்து எழுவதில்லை, படகுக்கு அடியில் நழுவிப் போய்விடும். அந்த நேரத்தில் பெண்கள் கரையில் மீன் வாங்கவும் பிரிக்கவும் காத்திருந்தார்கள். ஞாயிறு என்பதால் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இல்லை. பெண்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தவர்களையும் சேலை கட்டிப்போட்டது. இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக இருந்த தாயால் எவ்வளவு தூரம் ஓடியிருக்க முடியும்?

அஞ்சலியை யார் நடத்துவது என்ற கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து பெரும்பாலும் ஆண்கள் சபை. வரி போடுவதும் செலவு செய்வதும் போலீஸுக்குக் கடிதம் கொடுப்பதும் அவர்கள் வேலை. ஆனால் குடம் ஏந்துவது, ஒப்பாரி வைப்பது, எந்த வீட்டில் யார் போனார்கள் என்பதைப் பிழையில்லாமல் நினைவில் வைத்திருப்பது எல்லாம் பெண்கள்தான். ஏற்பாட்டுக் கூட்டத்தில் மகளிர் குழுவினர் உட்காராத ஊர்களில் பட்டியலில் பிழை வருகிறது, நேரம் தவறுகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 2008 நவம்பர் 26-ல் மும்பையில் நடந்த தாக்குதலில் இறந்தவர்களுக்கும் ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது. அங்கே செய்தவன் யார் என்பதற்கு விடை உண்டு. துக்கத்தோடு கோபமும் சேர்ந்து நிற்கும், உறுதிமொழி வரும், காவல்துறை மரியாதை வரும். கடலூர்க் கரையில் கொன்றதும் சோறு போடுவதும் ஒரே கடல். அந்தக் கடலுக்கே பால் ஊற்றுகிறார்கள், மறுநாள் அதிலேயே வலை போடுகிறார்கள். கோபத்தை இறக்கிவைக்க ஆள் இல்லாத துக்கம் இது. மேடை, முழக்கம், உறுதிமொழி ஆகியவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

தேதியா, திதியா

சுனாமி அடித்த நாள் மார்கழிப் பௌர்ணமி. வீட்டுத் திதி சந்திரனைப் பார்த்து வரும், ஊர் அஞ்சலி ஆங்கிலத் தேதியைப் பார்த்து வரும். இரண்டும் ஒன்றுசேர்வது அரிது. 19 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனும் சந்திரனும் கிட்டத்தட்ட அதே கணக்குக்குத் திரும்புவதால், 2023-ல் டிசம்பர் 26 மறுபடியும் பௌர்ணமியாக வந்தது. அடுத்த ஆண்டே விலகிவிட்டது. 20-ஆம் ஆண்டு அஞ்சலி 2024 டிசம்பர் 26-ல் நடந்தது. மார்கழிப் பௌர்ணமியோ 2025 ஜனவரி 13-ல், போகியன்று வந்தது.

இதைச் சிக்கலாக எண்ண வேண்டாம். ஊருக்குத் தேதி, வீட்டுக்குத் திதி என்று பிரித்துக்கொண்டதால்தான் இந்த அஞ்சலி எல்லாரையும் உள்ளே இழுக்கிறது. தர்ப்பணம் கொடுப்பவர்கள் தங்கள் திதியில் கொடுத்துக்கொள்வார்கள். அலைக்குப் பிறகு நாள்கணக்கில் சமைத்துப் போட்ட பரங்கிப்பேட்டை ஜமாஅத்தாரும், முதல் நாள் கிறிஸ்துமஸ் கொண்டாடிய தேவாலயத்தாரும் 26-ஆம் தேதி கரைக்கு வர முடிகிறது. ஊர் நிகழ்ச்சியில் ஒரு மதத்தின் மந்திரம் மட்டும் மைக்கில் ஒலித்தால் இந்தச் சேர்க்கை உடையும். பாலும் பூவும் பெயரும் மௌனமும் போதும். மந்திரம், ஜெபம், துஆ எல்லாம் அவரவர் வாயோடு இருக்கட்டும்.

பெயர்ப் பட்டியல்

அஞ்சலியின் உயிர் பெயர் வாசிப்பில் இருக்கிறது. மிகுந்த கவனம் கேட்கும் வேலையும் அதுவே.

ஒரு ஊரில் பொதுவாக மூன்று பட்டியல்கள் இருக்கும்: நிவாரணத்துக்காக அரசு எடுத்தது, பஞ்சாயத்து நோட்டில் உள்ளது, வீட்டார் வாயால் சொல்வது. மூன்றும் ஒத்துப்போகாது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், தெருவில் கூப்பிட்ட பெயர் வேறு. தலைப்பெழுத்து மாறியிருக்கும். கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்கு வந்த இடத்தில் போயிருப்பாள். புகுந்த ஊர்ப் பட்டியலில் இருப்பாள், பிறந்த ஊர்ப் பட்டியலில் இருக்கமாட்டாள். மீன் வாங்க வந்த வெளியூர் வியாபாரி, ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்க வந்த குடும்பம் எல்லாம் எந்த ஊர் நோட்டிலும் ஏறாதவர்கள். உடல் கிடைக்காமல் போனவர்களும் உண்டு.

நடைமுறையில் சரிவந்தது இதுதான். நவம்பர் கடைசி வாரத்தில் மகளிர் குழுவிலிருந்து இருவர் நோட்டோடு வீடு வீடாகப் போய், "எந்தப் பேரைப் படிக்கணும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். வீட்டார் சொல்லும் பெயரே வாசிக்கப்படும். தெருப் பெயரைச் சொன்னால் தெருப் பெயர். பெண்ணுக்குப் பிறந்த ஊரிலும் புகுந்த ஊரிலும் வாசிக்கலாம். ஒருவரை இரண்டு கரையில் நினைப்பதால் கணக்கு ஒன்றும் கெட்டுவிடாது. நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: "இது அஞ்சலிக்கான பட்டியல்; நிவாரணம், வாரிசு, வீடு எதற்கும் ஆதாரம் ஆகாது." இந்த வரி இல்லாத ஊர்களில் பெயர் சேர்ப்பதே பழைய பணத் தகராறாக மாறி, நல்ல மனதோடு தொடங்கிய வேலை பாதியில் நின்றுவிடுகிறது.

பெயர் வைப்பதற்கு முன்பே போன கைக்குழந்தைகள் உண்டு. அவர்களை விட்டுவிடக் கூடாது. தாயின் பெயரைச் சொல்லி "அவர் மகன், 20 நாள் குழந்தை" என்பதுபோல வாசிக்கலாம். அன்று இருந்த வயதைச் சொல்வது எல்லாப் பெயருக்கும் நல்லது. அலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் தங்கள் வயதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சலசலத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் திடீரென அமைதி விழுவது அந்த இடத்தில்தான்.

வரிசை அகரவரிசையாக இருக்க வேண்டாம். அச்சுக்கடையில் கணினியில் ஏற்றும்போது அது தானாக அகரவரிசைக்குப் போய்விடும், கவனிக்க வேண்டும். அகரவரிசையில் தாய் முதல் பக்கத்திலும் அவள் பிள்ளைகள் மூன்று பக்கம் தள்ளியும் வருவார்கள். வீடு வீடாக, தெரு வரிசையில் வாசித்தால் ஒரு குடும்பத்தார் சேர்ந்தே வருவார்கள். கேட்கிறவர்களுக்கும் அடுத்து தங்கள் வீடு என்று தெரியும், பக்கத்தில் இருப்பவர் தோளில் கைபோட்டுக்கொள்ள ஒரு கணம் கிடைக்கும். ஊருக்கு வந்து இறந்தவர்களின் பெயர்களைக் கடைசியில் தனியாக வாசிக்கலாம். பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வரி உண்டு.

ஒரு பெயருக்கு இடைவெளியோடு 4 முதல் 5 நொடி ஆகும். 100 பெயருக்கு ஏழெட்டு நிமிடம். இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இறந்தவரின் நேரடி வாரிசு வாசிப்பதைத் தவிர்ப்பது நல்லது. தன் வீட்டுப் பெயர் வரும்போது குரல் அடைத்துவிடும், அங்கிருந்து வாசிப்பு நின்றுவிடும்; அவரைக் கரை நடுவே அந்த நிலையில் நிறுத்துவது நியாயமும் இல்லை. முந்தைய நாள் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். காகிதம் கடல் ஈரத்தில் ஊறிப்போகும், காற்றில் பறக்கும். பெரிய எழுத்தில் அச்சிட்டு, லேமினேஷன் செய்து, வளையம் போட்டுக் கோத்துக்கொள்ளுங்கள்.

பாலும் பூவும்

பால் காய்ச்சாத பசும்பால். ஒரு பெண்ணுக்கு அரை லிட்டர் தாராளம். குடம் நிறையத் தெரிய வேண்டுமென்றால் தண்ணீர் கலந்துகொள்ளலாம், வழக்கமும் அதுதான். 100 பேர் குடம் எடுத்தால் 50 லிட்டர். முதல் நாள் கிறிஸ்துமஸ் என்பதால் காலையில் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது; இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்து, பாக்கெட்டாக வாங்காமல் கேனில் வாங்க வேண்டும். பாக்கெட்டாக வாங்கினால் 100 பிளாஸ்டிக் உறைகள் மணலில் கிடக்கும். குடங்களில் ஊற்றும் வேலையை ஊருக்குள், கோயில் திடலிலேயே முடித்துவிட வேண்டும். கரையில் நின்று ஊற்றினால் கூட்டம் முண்டும், பாலில் மணல் விழும், ஊர்வலமும் கலையும்.

குடம் பித்தளையானால் சிறியது. வயதானவர்களுக்குச் செம்பு போதும். தலையில் குடத்தோடு மணலில் இறங்கும்போது விழுவது சாதாரணமாக நடக்கிறது, அதனால் தார்ச் சாலை முடியும் இடத்தில் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வது நல்லது.

பூவுக்கு உதிரிதான் சரி. ஒரு கைப்பிடி உதிரி சுமார் 25 கிராம். 200 பேருக்கு 5 கிலோ. சாமந்தி இதழும் ரோஜா இதழும் போதும். மார்கழியில் மல்லிகை விலை ஏறியிருக்கும், அதைத் தேட வேண்டியதில்லை. மாலையாகக் கொண்டுவந்தால் நாரையும் நூலையும் ஜரிகையையும் பிரித்துவிட்டுத் தூவ வேண்டும். மலர்வளையத்தைக் கடலில் விடவே கூடாது. அதன் சட்டத்தைத் தெர்மாகோலாலோ கம்பியாலோ செய்திருப்பார்கள், அரை மணி நேரத்தில் அலை அதைக் கரைக்கே திருப்பிக் கொடுக்கும், கூட்டம் போகிற வழியில் மிதிபடும். வளையங்களுக்கு நினைவுத் தூண்தான் இடம். டிசம்பர் கடைசியில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும், அதனால் விட்ட பூவும் குப்பையும் தெற்குப் பக்கத்து ஊர்க்கரையில் ஒதுங்கும்.

படையல் பொருள்களைக் கரையில் வைக்கும் வீடுகள் உண்டு. வாழையிலையில் ஒரு பொட்டலம் பிஸ்கட், இரண்டு முறுக்கு, ஒரு சின்னச் சட்டை. அதற்கென்று ஊர்வலப் பாதைக்கு வெளியே, வடக்குப் பக்கத்தில் பத்தடி அகலத்தில் கயிறு கட்டி இடம் ஒதுக்கிக் கொடுத்தால் யாரும் மிதிக்கமாட்டார்கள், நாய் வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

மெழுகுவத்தி வாடைக் காற்றில் நிற்காது. மாலை அஞ்சலி வைக்கும் ஊர்களில் கண்ணாடிச் சிம்னியோ மணல் போட்ட மண்சட்டியோ பயன்படுத்துகிறார்கள். காகிதக் கப்பில் ஏற்றினால் கப்பும் பற்றிக்கொள்கிறது.

கரையின் ஆபத்து

இது மாசி மகம் அல்ல. மாசியில் கடல் தணிந்திருக்கும். மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்றில் அலை கனத்து வரும், கரை செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கும். நேற்று சரிவாக இருந்த இடம் இன்று இடுப்பளவு மண்மேடாக இருக்கலாம். தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலம் முகத்துவாரமும் தாழங்குடா பக்கம் தென்பெண்ணை முகத்துவாரமும் மழைக்கு ஏற்ப இடம் மாறி உடைக்கின்றன. 2024-ல் நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதிகளைச் சூழ்ந்தது. நான்கு வாரத்துக்குள் 20-ஆம் ஆண்டு அஞ்சலி. அத்தகைய ஆண்டுகளில் மரத்துண்டு, கிழிந்த வலை, கம்பி எல்லாம் மணலுக்குள் புதைந்திருக்கும். ஒரு வாரம் முன்பும், மறுபடி 25-ஆம் தேதி மாலையும் கரையை நடந்து பார்த்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். போன ஆண்டு நின்ற இடம் என்பதற்காக அங்கேயே நிற்கக் கூடாது.

கூட்டத்தைத் தண்ணீரில் இறக்கும் முறை: நீரோரத்துக்கு இணையாக 50 மீட்டர் கயிறு. 5 மீட்டருக்கு ஒருவராக, நீச்சல் தெரிந்த 11 இளைஞர்கள் கடல் பக்கம் நிற்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வரிசை மட்டும் இறங்கும். கணுக்கால் அளவுத் தண்ணீர் போதும், எப்படியும் முழங்காலைத் தாண்டக் கூடாது. ஊற்றியதும் பின்வாங்காமல் தெற்குப் பக்கமாகப் பக்கவாட்டில் நடந்து வெளியேற வேண்டும்; நேராகத் திரும்பினால் அடுத்த வரிசையோடு மோதுவார்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கடலோரத்திலேயே பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும். துக்கத்தில் இருப்பவர் அலையைப் பார்ப்பதில்லை. நனைந்த சேலையின் கனம் எவ்வளவு என்பதை இந்த ஊர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அலைக்கு வெளியே இரண்டு ஃபைபர் படகுகள், டியூப்போடு, இன்ஜின் ஓடியபடி நிற்க வேண்டும். தொழில் நிறுத்த நாள் என்பதால் இந்த இரண்டு படகுக்கும் பஞ்சாயத்து தனியாக அனுமதி கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையில் வாக்குவாதம் வரும்.

மயக்கம் அதிகம் வரும். காலையிலிருந்து சாப்பிடாமல், அழுது, வெயிலில் நிற்கிறார்கள். தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் நிழலும் கயிற்றுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மேடைக்குப் பின்னால் அல்ல. 108 வண்டியை மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். தார்ச் சாலையிலேயே நிற்கட்டும், ஸ்ட்ரெச்சரும் நான்கு ஆளும் கரையில் இருக்கட்டும். வண்டி திரும்பிப் போகும் வழியில் இருசக்கர வாகனங்களை நிறுத்தவிடாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

மைக், மேடை, விருந்தினர்

ஒலிபெருக்கியைக் கரைக்குப் பின்னால் வைத்துக் கடலைப் பார்த்துத் திருப்பினால் எதிர்க்காற்றில் குரல் கரையும். வடகிழக்கு மூலையில், காற்று வரும் பக்கத்தில் வைத்து ஊரைப் பார்த்துத் திருப்புங்கள்; காற்றே குரலைக் கொண்டு சேர்க்கும். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். ஜெனரேட்டரைத் தெற்கே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நிமிட மௌனத்தில் அதன் சத்தம் மட்டும் கேட்கும். சோகப் பாட்டு போடும் வழக்கத்தை விட்டுவிடலாம். பெண்களின் ஒப்பாரி இருக்கிறது, அதைவிடப் பெரிய பாட்டு வேண்டியதில்லை.

பெரும்பாலான குளறுபடிகளின் வேர் ஒன்றே: முக்கியப் பிரமுகர் வரும் நேரம். அலை அடித்தது எட்டரையை ஒட்டி. வீட்டார் அந்த நேரத்துக்கு ஊற்ற வேண்டும் என்று வந்து நிற்பார்கள். விருந்தினர் வர ஒன்பதே முக்கால் ஆகும். அதுவரை பால் வெயிலில் திரியும், பிள்ளைகள் அழும், இரண்டு பேர் மயங்குவார்கள், பொறுக்கமுடியாத பத்துப் பேர் தனியாகப் போய் ஊற்றிவிடுவார்கள், ஊர்வலம் உடைந்துவிடும். தீர்வு எளியது, எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்புக் கடிதத்திலேயே இப்படி எழுதிவிடுங்கள்: "நினைவுத் தூணில் மலரஞ்சலி காலை 7.30 முதல் 8.00 வரை, அல்லது 10.00-க்கு மேல். கடற்கரை நிகழ்ச்சி 8.30-க்குத் தொடங்கும், யாருக்காகவும் நிறுத்தப்படாது." மரியாதையோடு முன்கூட்டிச் சொன்னால் அதிகாரிகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். வர முடியாதவர்கள் 10 மணிக்குத் தூணுக்கு வருகிறார்கள், யாருக்கும் குறைவில்லை.

ஃபிளக்ஸ் பேனரில் இறந்தவர்களின் பெயர்களைத் தவிர வேறு பெயரும் முகமும் வேண்டாம். ஒரு தலைவர் முகம் போட்டால் அடுத்தவர் முகமும் போட வேண்டிவரும், கடைசியில் இறந்தவர்கள் ஓரத்தில் ஸ்டாம்பு அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள். செலவைத் தலைக்கட்டு வரியிலேயே முடித்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. எந்த வலை போடலாம் என்ற பிரச்சினையிலோ தேர்தலிலோ ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கும் ஆண்டுகளில் ஊர்வலமும் இரண்டாகும். அதைத் தடுக்கப் போய் அன்று சண்டை வளர்ப்பதைவிட, இரண்டு ஊர்வலம், ஒரே கரை, ஒரே பட்டியல் என்று உடன்பாடு செய்துகொள்வது மேல். பட்டியலை இரண்டாக்க மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

கேமராக்காரர்களுக்குத் தனிக் கயிறு வேண்டும், பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி. "அம்மா, இன்னொரு தடவை ஊத்துங்க" என்று கேட்பது நடக்கிறது. அப்படிக் கேட்பவரை வெளியே அனுப்பும் அதிகாரம் கொண்ட ஒருவரை முன்பே நியமித்து, அவர் யார் என்று எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மணி நேரம்

அலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது இளைஞர்கள். அவர்களுக்கு இந்த நாள் அம்மா அழுகிற நாள். அதற்கு மேலும் ஏதாவது அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு.

நிலநடுக்கம் 6.28, அலை எட்டரையை ஒட்டி. இடையில் இருந்த இரண்டு மணி நேரத்தில் இந்தக் கரைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும் அமைப்பு இந்தியப் பெருங்கடலில் அப்போது இல்லை. ஹைதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் செயல்படத் தொடங்கியது. அதே காலையில் புதுச்சேரி நல்லவாட்டில் வேறொன்று நடந்தது. சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அங்கிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் வெளியேறித் தப்பியது. ஒரு போனும் ஒரு ஸ்பீக்கரும்.

அதனால் அஞ்சலி நாளை 6.28-க்குத் தொடங்குவது பொருத்தம். அந்த நிமிடம் கோயில் மணியோ ஊர்ச் சங்கோ ஒருமுறை ஒலிக்கட்டும். எட்டரைக்கு இரண்டாம் முறை, அப்போது பால். ஏன் இரண்டு முறை என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்ல ஆள் வேண்டும். அரையாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகள் எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள். கரை நிகழ்ச்சி முடிந்ததும் ஊர்வலம் கலையாமல், பிள்ளைகள் முன்னால் செல்ல, பல்நோக்குப் பாதுகாப்பு மையம் வரை அல்லது ஊர் குறித்துவைத்த மேட்டு நிலம் வரை நடந்து போகட்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துச் சுவரில் எழுதிவையுங்கள். பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எத்தனை நிமிடம் என்பதையும் எழுதுங்கள். வழியில் புதிதாகக் கட்டிய சுவர், பூட்டிய கேட், குறுக்கே நிறுத்திய வண்டி எது என்று அன்றுதான் தெரியவரும். பூட்டின் சாவி யாரிடம் என்பது பல ஊர்களில் அந்த நடையில்தான் கேள்வியாக எழுகிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை மூன்றுதான். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது, ஓட வேண்டும். தரை அதிராமலும் அலை வரும். 2004-ல் பலருக்கு அதிர்வே தெரியவில்லை. முதல் அலை போனதும் திரும்பி வரக் கூடாது, அடுத்தடுத்த அலைகள் உண்டு. கடலில் இருப்பவர்களுக்கு அறிவுரை நேர்மாறானது: கரைக்கு விரையாமல் ஆழத்துக்குப் போக வேண்டும்.

ஊரை விட்டு இடம் மாறியவர்களையும் மறக்கக் கூடாது. பிச்சாவரம் அருகே எம்.ஜி.ஆர். திட்டில் இருந்தவர்கள் அலைக்குப் பிறகு உள்நிலத்துக்கு வந்துவிட்டார்கள். சுனாமி குடியிருப்புகளுக்குப் போனவர்கள் கரையிலிருந்து தள்ளி இருக்கிறார்கள். பெற்றோரை இழந்து கடலூர் அரசு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள் வேலை, கல்யாணம் என்று வெளியூர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டி ஏற்பாடும் ஒரு போன் அழைப்பும் பஞ்சாயத்தின் பொறுப்பு.

மறுநாள்

சுத்தம் செய்யும் வேலை இரண்டு முறை உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் ஒன்று. கடல் திருப்பித் தருவதை எடுக்க 27 காலை இன்னொன்று, தெற்கே அரை கிலோமீட்டர் வரை. டிசம்பர் கடைசியிலிருந்து பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இந்தக் கரைக்கு முட்டையிட வரத் தொடங்கும். கயிறும் நூலும் வலைத்துண்டும் மணலில் இருந்தால் சிக்கிக்கொள்ளும். அதே காலை, தொழிலுக்குப் போகும் முன், கயிறு பிடித்தவர்கள், வாசித்தவர்கள், மகளிர் குழுவினர் பத்து நிமிடம் கூடி எங்கே முண்டியது, யார் பெயர் விட்டுப்போனது என்று பேசி நோட்டில் எழுத வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் மறந்துபோகும். வரவு செலவைப் பொங்கலுக்குள் கோயில் சுவரில் ஒட்டிவிட வேண்டும். விட்டுப்போன பெயர் இருந்தால் அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு, பட்டியலில் உடனே சேர்த்து, இரண்டு படி எடுத்து ஒன்றைத் தலைவர் வீட்டிலும் இன்னொன்றைக் கரையிலிருந்து தள்ளி உள்ளூர்ப் பள்ளியிலும் வைக்க வேண்டும்.